டப்பாவின் வாசனையை நம்பாதீர்கள்: பைப் புகையிலையைச் சுவைத்து எடைபோடும் வழி

நான் வாங்கிய முதல் வர்ஜீனியா ஃபிளேக் (அமுக்கி வில்லையாக நறுக்கிய பைப் புகையிலை) டப்பாவுக்கு இரண்டே நாளில் தீர்ப்பு எழுதிவிட்டேன். "வைக்கோல் நாற்றம். நாக்கைப் பொசுக்குகிறது." இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, டப்பாவின் மேல் ஒட்டி, அலமாரியின் பின்பக்கம் தள்ளியாயிற்று. ஒன்றரை வருஷம் கழித்து வீடு மாற்றும்போது அது மறுபடி கையில் அகப்பட்டது. மூடி சரியாகப் பொருந்தாததால் இலை நன்றாகவே உலர்ந்திருந்தது. தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு பைப் பிடித்துப் பார்ப்போமே என்று பற்றவைத்தேன். வைக்கோலைக் காணோம். வாட்டிய ரொட்டி, உலர்ந்த அத்திப்பழம், கடைசியில் லேசாகக் கருப்பட்டி. அதே டப்பா, அதே இலை. மாறியிருந்தது இலையிலிருந்த ஈரமும் என் அவசரமும்தான்.

அன்றிலிருந்து எந்தக் கலவையையும் "மோசம்" என்று சொல்வதற்கு முன் என் கையைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சந்தேகத்தைப் படிப்படியாகத் தீர்த்துக்கொள்ளும் வழிதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது ஏற்கெனவே பைப் பிடிக்கிற பெரியவர்களுக்கு எழுதியது. பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்றாலும் உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் உண்டு. நிகோடின் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம்.

சோதனைக்கு ஒரு பைப் தனியாக

பிரையர் மரத்தில் செய்த பைப் பழைய புகையை நினைவில் வைத்திருக்கும். நேற்று செர்ரி வாசனைக் கலவை பிடித்த பைப்பில் இன்று சுத்தமான வர்ஜீனியாவைப் போட்டால், செர்ரி நடுவில் வந்து நிற்கும். புகைபோட்டுப் பதப்படுத்திய லட்டாக்கியா இலை இன்னும் பிடிவாதக்காரன். பத்து பைப் கழித்தும் போகாது. ஆகவே புதுக் கலவையைச் சோதிக்க மக்காச்சோளக் கட்டைப் பைப் ஒன்றை ஒதுக்கி வையுங்கள். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து வாஷிங்டன் என்ற ஊரில் 1869 முதல் செய்கிறார்கள். விலை குறைவு, புதிதாகவே பிடிக்கலாம், கெட்டால் தூக்கிப் போடலாம். களிமண் பைப் இன்னும் நேர்மையானது. தன் சுவை எதையும் சேர்க்காது, ஆனால் கை சுடும். துருக்கியின் எஸ்கிஷெஹிர் பக்கம் தோண்டியெடுக்கிற மீர்ஷாம் கல்லில் செய்த பைப் இருந்தால் உங்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று அர்த்தம்.

வாயும் சுத்தமாக இருக்க வேண்டும். மீன் குழம்பு சாப்பிட்ட கையோடு புகையிலையை எடைபோட உட்காராதீர்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகட்டும். வெறும் வயிறும் வேண்டாம், அதற்குக் காரணம் பின்னால் வருகிறது. பக்கத்தில் தண்ணீர் போதும். காபி வேண்டவே வேண்டாம்; காபியோடு எல்லாப் புகையிலையும் நன்றாகத்தான் இருக்கும்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் கப்பல், பிரபு, நாய் என்று படம் இருக்கும். அதை விடுங்கள். பின்பக்கத்தில் என்னென்ன இலை என்று எழுதியிருப்பதுதான் முக்கியம், ஏனென்றால் எதைத் தேட வேண்டும் என்று தெரியாமல் நாக்கு எதையும் கண்டுபிடிக்காது.

வர்ஜீனியா என்பது சூடான காற்றுக் குழாய் ஓடும் கொட்டகையில் பதப்படுத்திய இலை. விரைவாக உலர்வதால் சர்க்கரை இலையிலேயே தங்கிவிடும். மஞ்சளாக இருந்தால் எலுமிச்சை, புல், வைக்கோல் பக்கம் போகும். சிவப்பாக இருந்தால் ரொட்டி, உலர்பழம். கறுப்பாக அமுக்கி வைத்ததென்றால் வெல்லப்பாகு பக்கம். என் சீட்டில் "வைக்கோல் நாற்றம்" என்று எழுதினேன் பாருங்கள், அது குறையே இல்லை. மஞ்சள் வர்ஜீனியாவின் குணம் அது.

பர்லி நேர் எதிர். காற்றில் மெதுவாக உலர்த்துவதால் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். வெள்ளை பர்லி என்ற வகையே 1864 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு வயலில் தற்செயலாகத் தோன்றியது. வறுத்த நிலக்கடலை, கோகோ, சில நேரம் வெறும் அட்டைப்பெட்டி என்று அதன் சுவை போகும். கடற்பஞ்சு மாதிரி எந்தப் பாகையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் வாசனைக் கலவைகளுக்கு இதுதான் அடித்தளம்.

ஓரியன்டல் என்பவை துருக்கி, கிரீஸ், மாசிடோனியாப் பக்கத்துச் சின்ன இலைகள். வெயிலில் உலர்த்தியவை. புளிப்பு, மூலிகை, கொஞ்சம் பழைய மரப்பெட்டி. தனியாக இவை அதிகம் பேசாது, கூட்டத்தில்தான் பேசும்.

அப்புறம் இரண்டு மசாலாக்கள். ஒன்று லட்டாக்கியா. சிரியாவின் துறைமுக ஊரின் பெயர் அது. இப்போது சந்தைக்கு வருவது சைப்ரஸ் வகை. வெயிலில் உலர்ந்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு, வாசனையுள்ள கட்டைகளையும் செடிகளையும் எரித்துப் பல வாரம் புகைபோடுவார்கள். யாழ்ப்பாணத்தில் குடிலுக்குள் புகையிலையைக் கட்டிப் புகைபோட்ட கதையைப் பெரியவர்களிடம் கேட்டவர்களுக்கு முறை புரியும். ஆனால் வாசனை வேறு ஜாதி. விறகடுப்புக்கு மேல் பரணில் பல வருஷம் கிடந்த தோல் பையை இறக்கி முகர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. வர்ஜீனியா, ஓரியன்டல், லட்டாக்கியா மூன்றும் சேர்ந்தால் அந்தக் கலவைக்கு இங்கிலீஷ் மிக்ஸ்சர் என்று பெயர்.

இன்னொன்று பெரீக். லூசியானாவில் செயின்ட் ஜேம்ஸ் என்ற ஒரே ஒரு வட்டாரத்துச் சரக்கு. இலையை விஸ்கி பீப்பாயில் திணித்து, மேலே திருகு வைத்து அழுத்தி, அதன் சாற்றிலேயே மாதக்கணக்கில் புளிக்கவிடுவார்கள். மிளகு, அத்தி, கொஞ்சம் ஊறுகாய் ஜாடி. தனியாகப் பிடித்தால் மூக்கு கதறும். நூற்றுக்குப் பத்துப் பங்காக வர்ஜீனியாவோடு சேர்ந்தால் அற்புதம்.

கேவன்டிஷ் என்று போட்டிருந்தால் அது இலையின் பெயரல்ல, முறையின் பெயர். ஆவியில் வேகவைத்து, அமுக்கி, இனிப்பேற்றியது. பெரும்பாலும் பின்னாலேயே வெனிலாவோ ரம்மோ வரும்.

மூக்கும் கண்ணும்

சரி, மூடியைத் திறக்கலாம். திறந்தவுடன் எழும் வாசனைதான் புதியவர்களை ஏமாற்றுகிற முதல் பொய். அந்த வாசனையில் பாதி, இலையின் மேல் கடைசியாகத் தெளித்த வாசனைத் திரவம். நெருப்பு பட்டதும் முதலில் பறந்துபோவது அதுதான். டப்பாவில் வெனிலா கேக் மணம் வீசினால் பைப்பில் வெனிலா கேக் வராது. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டுமானால் வரும்.

தெளிப்பு வேறு, பாகு வேறு. பாகு என்பது இலையை நறுக்குவதற்கு முன்பே ஊறவைக்கும் சர்க்கரை, அதிமதுரம், கோகோ போன்றவற்றின் கரைசல். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் கோடா போடுவது இதே வேலைதான். (சுருட்டு என்ற நம் சொல்லைத்தான் இங்கிலீஷ்காரன் செரூட் என்று எடுத்துக்கொண்டான் என்பது தெரிந்திருக்கும்.) நல்ல பாகு இலையோடு கலந்து கடைசி வரை வரும். மோசமான தெளிப்பு ஐந்து நிமிஷத்தில் விடைபெற்றுக்கொண்டு, பின்னால் இருக்கிற மட்டமான இலையைக் காட்டிக்கொடுத்துவிடும். வாசனைக் கலவையின் தரத்தை அறிய எனக்குத் தெரிந்த நேரான வழி இதுதான்: பைப்பின் கிண்ணத்தில் பாதி எரிந்த பிறகு என்ன மிச்சம் இருக்கிறது?

திறந்த டப்பாவை ஒரு பத்து நிமிஷம் அப்படியே வைத்துவிட்டு மறுபடி முகருங்கள். இரண்டாவது முகர்தலில்தான் இலை பேசும். வினிகர் போலக் கொஞ்சம் புளிப்பு வந்தால் பயப்பட வேண்டாம், அமுக்கி வைத்த வர்ஜீனியாவில் அது சகஜம். ஈரக் கோணிச் சாக்கு, பூசணம் பிடித்த ரொட்டி வாசனை வந்தால் மட்டும் நிறுத்துங்கள். பஞ்சு மாதிரி வெள்ளையாகவோ பச்சையாகவோ படர்ந்திருந்தால் பூஞ்சை. டப்பாவோடு குப்பைக்குப் போக வேண்டியது. வெளிச்சத்தில் சர்க்கரைத் தூள் போல மின்னும் படிகம் என்றால் பழைய இலையில் தானாகப் பூப்பது, அது நல்லதுதான். சந்தேகமிருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பூஞ்சைக்கு நூல் இருக்கும்.

கண்ணுக்கு வேறு என்ன? காம்புத் துண்டுகள் அதிகம் கிடக்கின்றனவா, அடியில் தூள் சேர்ந்திருக்கிறதா, நறுக்கு ஒரே அளவா என்று பாருங்கள். ஃபிளேக் என்றால் வில்லை வில்லையாக உடையாமல் வளைய வேண்டும்.

ஈரம்: பாதித் தீர்ப்பு இங்கேதான்

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

டப்பாவிலிருந்து வரும் புகையிலை பெரும்பாலும் பிடிப்பதற்கான ஈரத்தில் இருக்காது, கடையில் வருஷக்கணக்கில் இருப்பதற்கான ஈரத்தில் இருக்கும். வடஇங்கிலாந்தின் கெண்டல் ஊர் ஃபிளேக்குகள் கையில் ஒட்டும் அளவுக்கு நனைந்து வரும். 1792 முதல் அந்த ஊரில் இந்தத் தொழில் நடக்கிறது. வாசனைக் கலவைகளில் ஈரம் காக்கும் ப்ரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தைச் சேர்ப்பதால் அவை எவ்வளவு நேரம் வைத்தாலும் முழுக்க உலராது, பிசுபிசுப்பு நிற்கும். அது இலையின் ஈரம் அல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஈர இலை எரியாது, வேகும். வேகும்போது நீராவி வாய்க்கு வரும். நாக்கைப் பொசுக்குவது பெரும்பாலும் அந்த ஆவிதான். அதோடு அணைந்து அணைந்து போவதால் நீங்கள் வேகமாக இழுப்பீர்கள். வேகமாக இழுத்தால் சூடு ஏறும். சூடேறினால் சர்க்கரையின் நுட்பமெல்லாம் கருகும். என் முதல் டப்பாவுக்கு நடந்தது இதுதான்.

ஒரு பைப்புக்கு வேண்டிய 2 கிராம் அளவை எடுத்து, ஃபிளேக் என்றால் விரலால் உதிர்த்து, வெள்ளைத் தாளில் பரப்புங்கள். அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். சென்னை ஐப்பசி மழையில் இரவு முழுக்க வைத்தாலும் போதாது; அப்போது மேசை விளக்கின் அடியில் வைப்பேன். மைக்ரோவேவில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. ஒரு சிட்டிகையை இரண்டு விரலால் அழுத்திவிட்டு விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம். மொறுமொறுவென்று பொடிந்தால் அதிகம் உலர்ந்துவிட்டது. மெதுவாக மலர்ந்து பிரிந்தால் சரி.

ஒரே கலவையை மூன்று ஈரத்தில் மூன்று நாள் பிடித்துப் பாருங்கள். மூன்று வேறு டப்பாக்கள் என்று சத்தியம் செய்வீர்கள்.

நிரப்புவது, பற்றவைப்பது

மூன்று சிட்டிகை. பைப்காரர்களிடையே பழைய வழக்கு ஒன்று உண்டு: முதல் சிட்டிகையைக் குழந்தையின் கையாலும், இரண்டாவதைப் பெண்ணின் கையாலும், மூன்றாவதை ஆணின் கையாலும் அமுக்க வேண்டும் என்பார்கள். அமுக்கியபின் பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உறிஞ்சுகுழலில் ஜூஸ் குடிக்கிற அளவுக்கு எதிர்ப்பு இருக்கலாம். குழல் அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். பற்றவைக்காத அந்தக் காற்றிலும் சுவை இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் நெருப்பு மேற்பரப்பைக் கருக்குவதற்கு மட்டும். இலை புழு மாதிரி நெளிந்து எழும். லேசாக அமுக்கிவிட்டு இரண்டாவது நெருப்பு. தீக்குச்சியாக இருந்தால் கந்தகம் எரிந்து முடியும்வரை பொறுங்கள். பெட்ரோல் லைட்டர் சோதனைக்கு வேண்டாம். அணைந்தால் வெட்கப்பட வேண்டாம், மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம்.

புகையைக் கேட்பது

மெதுவாக. அணைந்துவிடுமோ என்று தோன்றும் வேகம்தான் சரியான வேகம். உலகப் போட்டிகளில் 3 கிராம் புகையிலையையும் இரண்டே தீக்குச்சியையும் கொடுத்து யார் அதிக நேரம் அணையாமல் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். கெட்டிக்காரர்கள் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவார்கள். நமக்கு அந்தப் பந்தயம் வேண்டாம், 2 கிராமுக்கு முக்கால் மணி நேரம் போதும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

நாக்கு தருவது இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு மாதிரி சில அடிப்படைச் சுவைகள்தான். அத்தி, தோல், கோகோ எல்லாம் மூக்கின் வேலை. அதனால் வாயில் இருக்கும் புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக வெளியே விடப் பழகுங்கள். நெஞ்சுக்குள் இழுத்துவிட்டு அல்ல. வாயை மூடிக்கொண்டு, எச்சில் விழுங்குகிற மாதிரி செய்து, மூச்சோடு மெல்லத் தள்ளுவது. பெரீக் இருக்கும் கலவையில் முதல் தடவை கண்ணில் தண்ணீர் வரும். பத்தாவது தடவையில், இத்தனை நாள் பாதிப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று தெரியும்.

கிண்ணத்தை மனதில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேல் பங்கில் தெளிப்பும் துள்ளலும். நடுப் பங்கில் இலைகள் ஒன்றோடொன்று சேரும். கலவை செய்தவரின் கைத்திறன் தெரிவது இங்கே. கடைசிப் பங்கில் எண்ணெயும் ஈரமும் கீழே சேர்ந்துவிடுவதால் எல்லாப் புகையிலையும் கொஞ்சம் முரடாகும். முரடானாலும் சுவை தாங்குகிறதா, சாம்பல் கசப்பாகிவிடுகிறதா என்பதுதான் கேள்வி. நான் நடுப் பங்குக்கு ஒரு மதிப்பெண் போட்டால் கடைசிப் பங்குக்கு இரண்டு போடுவேன்.

இங்கே புதியவர்கள் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வாய் நிறையப் புகை கனமாக, எண்ணெய்ப் பசையோடு இருப்பது ஒன்று. சுவை தூக்கலாக இருப்பது இன்னொன்று. நிகோடின் அடி மூன்றாவது. லட்டாக்கியா அதிகமுள்ள கலவை பார்க்கக் கறுப்பு, முகர நெருப்பு, ஆனால் நிகோடினில் பெரும்பாலும் சாது. பர்லியும் நெருப்புப் புகையில் பதப்படுத்திய கென்டக்கியும் சத்தமில்லாமல் வந்து தலையைச் சுற்றவைக்கும். அதற்குக் காரணம் உண்டு: சர்க்கரை குறைந்த இலையின் புகை காரத்தன்மையுடையது, அதிலிருந்து நிகோடின் வாய்ச் சவ்வு வழியாக வேகமாக உள்ளே போகும். வர்ஜீனியாப் புகை அமிலப் பக்கம், அதில் மெதுவாகத்தான் போகும். விக்கல், நெற்றியில் குளிர்ந்த வியர்வை, குமட்டல் வந்தால் பைப்பைக் கீழே வைத்துவிட்டுச் சர்க்கரை கலந்த தண்ணீர் குடித்துப் படுத்துவிடுங்கள். வெறும் வயிறு வேண்டாம் என்றது இதற்குத்தான். அடி பலமாக இருப்பது தரத்துக்கு அடையாளமும் அல்ல, குறையும் அல்ல.

கொட்டிய பிறகு

கிண்ணத்தைத் தட்டிப் பாருங்கள். வெளிர் சாம்பலாக உதிர்ந்தால் நன்றாக எரிந்திருக்கிறது. அடியில் ஈரக் கட்டி நின்றால் ஈரத்தையோ நிரப்பியதையோ மறுபடி பார்க்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து வாயில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள்; நல்ல ஓரியன்டல் கலவை அப்போதும் மெல்லிய புளிப்பாக நிற்கும். அறையில் என்ன வாசனை என்று வீட்டிலுள்ளவர்களைக் கேட்டால் அவர்கள் சொல்வது வேறாக இருக்கும், அதைத் தனியாக எழுதுங்கள்.

எழுதுவது என்றால் பெரிய விஷயம் இல்லை. தேதி, எந்த பைப், எவ்வளவு நேரம் உலர்த்தியது, என்ன சாப்பிட்டிருந்தேன், மூன்று பங்கிலும் என்ன தோன்றியது, எத்தனை தடவை அணைந்தது. சுவைக்கு நம் சமையலறையிலிருந்தே பெயர் எடுங்கள். டப்பாவில் மேப்பிள் சிரப் என்று எழுதியிருக்கலாம். சுவைத்தே இராத சாமானை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு அது பதநீர் காய்ச்சும் வாசனை, அப்படியே எழுதிக்கொள்கிறேன். ஒருமுறை கெண்டல் பக்கத்துக் கலவை ஒன்றுக்கு "பாட்டி வீட்டுச் சோப்பு" என்று எழுதினேன். அந்த வட்டாரத்தில் ஜெரானியம் போன்ற பூ வாசனைகளைச் சேர்ப்பது பரம்பரை வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அது நன்றாகச் செய்த சரக்கு. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வந்த நாளில்தான் நோட்டு உருப்படியாயிற்று.

ஐந்து பைப்புக்கு முன் முடிவு எழுதாதீர்கள். 50 கிராம் டப்பாவில் இருபது, இருபத்தைந்து பைப் இருக்கிறது, அவசரமில்லை. முடிந்தால் நண்பர் ஒருவரிடம் பெயரில்லாத பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். 2018 வாக்கில் டன்ஹில் பெயர் பைப் புகையிலையிலிருந்து மறைந்து, அதன் பல கலவைகள் பீட்டர்சன் பெயரில் வர ஆரம்பித்தபோது, பழையது மாதிரி இல்லை என்று அடித்துச் சொன்னவர்களில் எத்தனை பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்தார்கள்?

பிடிக்காததைத் தூக்கிப் போட வேண்டாம். வர்ஜீனியா என்றால் ரப்பர் வளையமுள்ள கண்ணாடி ஜாடியில் நெருக்கமாக அமுக்கி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். சர்க்கரையுள்ள இலை உள்ளுக்குள் மெதுவாகப் புளித்து, வருஷம் ஏற ஏற சுவையின் முனை மழுங்கி மென்மையாகும். லட்டாக்கியாவின் முரடு அடங்கும், கூடவே அதன் குரலும் தாழும். வாசனைக் கலவையை மட்டும் வைத்துப் பயனில்லை, வாங்கிய வருஷமே பிடித்துவிடுங்கள். ஜாடியில் பெயரைவிடத் தேதி முக்கியம்.

என் அலமாரியில் 2019 என்று எழுதிய ஜாடி ஒன்று இருக்கிறது. பழைய சீட்டும் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது: "ரொம்பக் கூர்மை, பொறுக்க முடியவில்லை." இந்த ஞாயிற்றுக்கிழமை திறக்கலாம் என்றிருக்கிறேன். வெளியே மழைக்கால ஈரம், சனிக்கிழமை இரவே கொஞ்சம் எடுத்து, மேசை விளக்கின் அடியில் தாளில் பரப்ப வேண்டும்.